சயாமிலிருந்து வந்த மீன்கள்

பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் களவு போனால் நகை போகும், இல்லையென்றால் பித்தளைப் பாத்திரம் போகும். இரண்டும் அகப்படாவிட்டால் கொடியில் காயும் வேட்டியாவது போகும். 1995 ஜூலையில் ஒரு சனிக்கிழமை காலை ஆவுடைநாயகம் வீட்டில் போனவை இரண்டு மீன்கள். குழம்புக்குக்கூட ஆகாது, ஒவ்வொன்றும் விரல் நீளம்தான். அந்த வீட்டில் மீன் குழம்பும் கிடையாது. தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற சைவர் அவர். மீனைத் தின்ன மாட்டார், வளர்ப்பார்.

காலை ஆறரைக்கு அவர் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. ஏழரைக்கெல்லாம் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்த ஜெனிஸ்டனைப் பல்கூடத் துலக்க விடாமல் கொண்டுவந்து ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார் ஏட்டு சங்கிலிபூதத்தான். பையனை வழியனுப்ப உவரியிலிருந்து வந்திருந்த அவன் தாய் லூர்து மேரி வாசல் வேப்பமரத்தடியில் நின்றாள். திங்கட்கிழமை அவன் தூத்துக்குடித் துறைமுகத்தில் எலெக்ட்ரீஷியனாக வேலையில் சேர வேண்டும். களவு வழக்கு ஒன்று பதிவானால் அந்த வேலை அதோடு சரி.

“எஃப்.ஐ.ஆர். போட்டுருவோமாம்மா? பய முழியே சரியில்ல” என்றார் ஏட்டு.

“தூங்குதவனை எழுப்பி இழுத்துட்டு வந்தா ஒங்க முழி எப்படி இருக்கும், ஏட்டய்யா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் ஞானம்பாள். “மொதல்ல வீட்டைப் பாத்துட்டு வாரேன்.”

ஞானம்பாள் வள்ளியூர்க்காரர். பி.எஸ்ஸி. விலங்கியல் முடித்துவிட்டு, தவளையை அறுத்தது போதும் என்று போலீஸில் சேர்ந்தவர். யார் எதைச் சொன்னாலும் அதில் பாதியைத்தான் முதலில் நம்புவார். மீதிப் பாதியை நம்ப அவருக்குச் சாட்சி வேண்டும்.

காலை எட்டு மணி.

மீன்கள் இருந்தது பின்கட்டில் ஓர் அறையில். ஜன்னல் கம்பிகள் நெருக்கமானவை, ஒரு தேங்காய்கூட நுழையாது. கதவின் பூட்டு உடைபடாமல் திறந்து கிடந்தது. உள்ளே ஒரு நீளப் பலகையில் ஹார்லிக்ஸ் புட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒற்றை மீன், தோகை போல வாலை விரித்துக்கொண்டு நின்றது. புட்டிகளின் மேல் கம்போடியா, சிங்கப்பூர், ஜப்பான் என்று சீட்டு ஒட்டியிருந்தது. புட்டிக்கும் புட்டிக்கும் நடுவே பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்று செருகியிருந்தது.

“இந்தப் பத்திரிகை எல்லாம் எதுக்கு அண்ணாச்சி?”

“எல்லாம் ஃபைட்டர் மீனும்மா, அதுலயும் ஆணு. ஒண்ணை ஒண்ணு கண்ணால கண்டா செவுளைச் சிலுப்பிக்கிட்டு கண்ணாடியில முட்டும். ராத்திரி பூரா முட்டுனா காலையில வாலு கிழிஞ்சு நார்நாராத் தொங்கும். அதுக்குத்தான் மறைப்பு.”

“களவு போன மீனு எங்க இருந்துது?”

அவர் விரலை நீட்டினார். கம்போடியா புட்டிக்கும் சிங்கப்பூர் புட்டிக்கும் நடுவில், ஊறுகாய் ஜாடி போல வாய் அகன்ற ஒரு கண்ணாடி ஜாடி இருந்ததாம். பலகைத் தூசியில் அதன் வட்டத் தடம் தெரிந்தது, ஆனால் பாதி வட்டம்தான். மீதிப் பாதியின் மேல் சிங்கப்பூர் புட்டி உட்கார்ந்திருந்தது. இரண்டு புட்டிகளும் ஒட்டி நின்றன. இடையில் ஓர் அட்டை நேராகச் செருகியிருக்க, இன்னோர் அட்டை ஓரமாகப் படுத்துக் கிடந்தது.

ஞானம்பாள் நிற்கிற அட்டையைப் பைய உருவினார். அவ்வளவுதான், இரண்டு மீன்களும் செவுளை விரித்துக்கொண்டு கண்ணாடியில் மோதின.

“அய்யய்யோ, வைங்கம்மா, வைங்க!” ஆவுடைநாயகம் பதறிப்போனார்.

அட்டை மறுபடி உள்ளே போனது. ஞானம்பாள் குனிந்து இரண்டின் வாலையும் பார்த்தார். கிழிசல் ஏதுமில்லை.

“காலையில பாத்ததும் இங்கன எதையாவது தொட்டியளா?”

“ஒரு துரும்பைத் தொடலம்மா. முப்பது வருசம் கவர்மெண்டுல இருந்தவன். போலீஸ் வார வரைக்கும் தொடக்கூடாதுன்னு எனக்குத் தெரியாதா?”

“காணாமப் போன மீனு என்ன பேரு?”

“சயாம்!” இழவு வீட்டிலும் பெருமை விடவில்லை. “சயாம் நாட்டுக் காட்டுல கெடைக்கிற ஆதி மீனும்மா. ரெண்டும் ஆணு. ஒரே ஜாடியில ராஜா மாதிரி இருந்துச்சு, ஒரு சண்டை கெடையாது. இந்த ஜில்லாவுல வேற ஒருத்தன்கிட்டயும் இல்ல.”

அறையை விட்டு வெளியேறும்போது ஞானம்பாள் சுவரைப் பார்த்தார். ஓர் ஆணி இருந்தது. அதன் கீழே சுண்ணாம்பு சதுரமாக வெளுத்திருந்தது.

“அங்கன என்ன மாட்டியிருந்துது?”

“அதுவா... பழைய காலண்டர்.”

முன்கட்டில் மெட்ராஸ்காரர் ஒருவர் காபி குடித்துக்கொண்டிருந்தார். பெயர் மகேஷ், மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். சயாம் மீனைப் பார்க்கவென்றே நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர், காலி இடத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

“உள்ள கம்போடியா, சிங்கப்பூர்னு எழுதியிருக்கே, எல்லாம் அங்கேருந்தா வந்துது?” என்று கேட்டார் ஞானம்பாள்.

மகேஷ் சிரித்தார். “எல்லாமே மெட்ராஸ் கொளத்தூர்ல பொறந்ததுங்க மேடம். உடம்பு வெளுப்பா, துடுப்பு மட்டும் சிவப்பா இருந்தா வியாபாரத்துல அதைக் கம்போடியாம்பாங்க. அது நிறத்தைச் சொல்ற பேரு. மீன் அந்த ஊரைப் பாத்தே இருக்காது.”

“சிங்கப்பூரு?”

“வழியில கப்பல் மாத்தி ஏத்துற எடம். அதையே சொந்த ஊராக்கிட்டாங்க.”

“ஜப்பான்?”

“ஜப்பான்னா ரெண்டு ரூபா கூட வெச்சு விக்கலாம். வேற காரணம் இல்ல.”

“அப்ப எந்த ஊருதான் நெசம்?”

“சயாம் நெசம். இப்போ தாய்லாந்துன்னு சொல்றோமே, அதான். ஃபைட்டரோட பூர்வீகம் அந்தப் பக்கம்தான். அங்க இயற்கையா கிடைக்கிறது இவ்வளவு பகட்டா இருக்காது. ஆனா சண்டை போடும்.”

“காணாமப் போன ரெண்டும் ஆணாம். ஒரே ஜாடியில சண்டையில்லாம இருந்துச்சாம்.”

“ஒரே ஜாடியிலயா?” மகேஷ் டம்ளரைக் கீழே வைத்தார். அதற்குள் ஆவுடைநாயகம் வந்துவிட, பேச்சு மழையின் பக்கம் திரும்பியது.

காலை ஒன்பதரை. ஸ்டேஷன்.

“நேத்து அந்த ரூமுக்குப் போனியா?”

“சாயந்திரம் போனேம்மா” என்றான் ஜெனிஸ்டன். “டியூப்லைட்டு எரியலன்னு அய்யாதான் கூப்பிட்டாவ. சாவியும் அவுகதான் தந்தாவ.”

“வேலை முடிஞ்சதும் குடுத்துட்டியா?”

“ஸ்டார்ட்டர் வாங்க ஒரு நட கடைக்குப் போனேன். வந்து மாட்டிட்டுக் குடுத்தேன்.”

“கடைக்குப் போறப்ப சாவி எங்க?”

“சட்டைப் பையில.”

ஏட்டு தொடையில் தட்டினார். “போதுமாம்மா? மாத்துச் சாவி போட்டுட்டான்!”

ஞானம்பாளுக்கும் சந்தேகம் வந்தது. வராமல் என்ன செய்யும்? சாவி இருந்திருக்கிறது, நேரமும் இருந்திருக்கிறது. “மீனுக்கு நடுவுல சொருவியிருந்த அட்டையைத் தொட்டியா?” என்று கேட்டார்.

“கல்யாணக் காயிதமா? போன கல்யாணத்தை எல்லாம் மனுசன் இப்படிச் சேத்து வச்சிருக்காரேன்னு நெனச்சேன். நான் ஒண்ணையும் தொடலம்மா.”

வேப்பமரத்தடியில் லூர்து மேரி ஞானம்பாளை மறித்தாள். “எம் மவன் ராத்திரி பூரா எம் பக்கத்துலதான் படுத்துக் கெடந்தான் தாயி.”

“பெத்தவ சொல்லை யாரும் சாட்சியா எடுக்க மாட்டாவம்மா” என்று சொன்னபோது ஞானம்பாளுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

“ஜெனிஸ்டன் பேரை மொதல்ல சொன்னது யாரு, ஏட்டய்யா?”

“வளர்ப்பு மீன்கடை அம்மையப்பன். நேத்துச் சாயந்திரம் மீனுக்குப் புழு குடுக்கப் போனவன், சாவியை இவன் கையில பாத்திருக்கான்.”

“தாசில்தார் என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. தலையை ஆட்டுனாரு.”

காலை பதினொன்று. தெற்கு பஜார்.

அம்மையப்பனின் கடையில் புட்டிகள் ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. நடுவில் அட்டை ஏதும் இல்லை. அத்தனை மீன்களும் செவுளைச் சிலுப்பிக்கொண்டு மல்லுக்கு நின்றன.

“அட்டை வைக்க மாட்டீரா?”

“அட்டை வச்சா மீனு தூங்கும். தூங்குத மீனை எவன் வாங்குவான்? இப்படிச் சிலுத்துக்கிட்டு நின்னாத்தாம்மா வியாபாரம்.”

“சயாம் மீனை வித்தது நீருதானே? எங்கேருந்து வந்துது?”

“கப்பல்ல.”

“எந்தக் கப்பல்?”

“தூத்துக்குடிக்கு வந்த கப்பல்.”

“கப்பல் பேரு?”

அம்மையப்பன் மீனுக்குப் புழு போடத் திரும்பிக்கொண்டார். “அது ஞாவகம் இல்ல. அண்ணாச்சி உசுரா வச்சிருந்தாரும்மா. ஜங்ஷன்ல ஸ்டுடியோக்காரனைக் கூட்டிட்டு வந்து போட்டோ புடிச்சி, சட்டம் போட்டு ஜாடிக்கு எதுத்தாப்புல மாட்டியிருந்தாரே, பாக்கலையா?”

ஞானம்பாளுக்குச் சுவரில் பார்த்த வெளுத்த சதுரம் நினைவுக்கு வந்தது. பிறகு ஜீப்பை ஜங்ஷனுக்கு விடச் சொன்னார்.

ஸ்டுடியோக்காரர் நெகட்டிவைத் தேடி எடுத்து ஒரு பிரதி போட்டுக் கொடுத்தார். பிற்பகல் ஒரு மணிக்கு ஸ்டேஷனில் அது மகேஷ் கையில் இருந்தது. பழுப்பு உடம்பு. வால் குச்சி போல் கூராகி, நுனியிலிருந்து ஒரு நூல் நீண்டிருந்தது.

மகேஷ் வாய்விட்டுச் சிரித்தார். “இதுக்கா ராத்திரி பூரா ரயில்ல உக்காந்து வந்தேன்? இது சயாமும் இல்ல, ஃபைட்டரும் இல்ல மேடம். தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கலாம். ஃபைட்டர் மாதிரியே தண்ணிக்கு மேல வந்து மூச்சு விடும், நுரையில கூடு கட்டும். தெரியாதவங்க ஏமாந்துடுவாங்க. ஆனா அந்த அளவுக்குச் சண்டைக்காரன் இல்ல. இது நம்ம தெற்குச் சீமை மீன். உங்க ஊர் வாய்க்கால்லயே இருக்கும்.”

ஏட்டு இப்போது கட்சி மாறினார். “அப்ப அம்மையப்பன்தாம்மா! மெட்ராஸ்காரர் பாத்தா குட்டு ஒடைஞ்சிரும்னு அவனே தூக்கியிருக்கான்.”

“இருக்கலாம். அவனைக் கூட்டிட்டு வாங்க. அதுக்கு முன்னால ஒரு வேலை. பாளையங்கால்வாய்ப் படித்துறை ஒவ்வொண்ணையும் பாத்துட்டு வாங்க.”

“மீனைத் தேடியா?”

“மீனு கெடைக்காது. ஜாடி கெடைக்கும்.”

பிற்பகல் மூன்றரை. ஸ்டேஷன்.

மேசையின் மேல் அகன்ற வாய் ஜாடி இருந்தது. ஆவுடைநாயகம் தினமும் காலையில் உலாவப் போகிற வாய்க்கால் படித்துறையில், கழுவி, கீழ்ப்படி ஓரமாக நிமிர்த்தி வைத்திருந்ததாம். சுற்றி ஆவுடைநாயகம், மகேஷ், அம்மையப்பன் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஜெனிஸ்டன் பெஞ்சில் இருந்தான். லூர்து மேரியையும் உள்ளே கூப்பிட்டிருந்தார் ஞானம்பாள்.

“அம்மையப்பன், கப்பல் பேரு ஞாவகம் வந்துச்சா?”

போட்டோவைப் பார்த்ததும் அவருக்கு எல்லாமே ஞாபகம் வந்துவிட்டது. “தப்புதாம்மா. மீனுக்குப் புழு அள்ளுதவன் வலையில வந்துச்சு. பாக்க ஃபைட்டர் மாதிரி இருந்துது, சயாமுன்னு சொல்லிக் குடுத்துட்டேன். ஆனா களவு நான் செய்யல!”

“அதை நான் நம்புதேன்” என்றார் ஞானம்பாள். “மொதல்ல ஒரு விசயம். திருடன் ஏன் பளபளப்பான மீனை எல்லாம் விட்டுட்டு இந்தப் பழுப்பு மீனை எடுத்தான்? கூடவே சுவத்துல இருந்த போட்டோவையும் ஏன் எடுத்தான்? மீனு வேணுங்கிறவனுக்குப் போட்டோ எதுக்கு? மீனு எப்படி இருக்கும்னு மெட்ராஸ்காரருக்குத் தெரியக்கூடாதுன்னு நெனச்சவன்தான் ரெண்டையும் எடுப்பான். ஜெனிஸ்டனுக்கு அந்தக் கவலையே இல்ல.”

“அம்மையப்பனுக்கு இருக்கே” என்றார் ஏட்டு.

“இருக்கு. ஆனா அட்டை?”

ஞானம்பாள் மேசையில் இருந்த ஜாடியை ஓரமாக நகர்த்தினார்.

“ஜாடியை எடுத்ததும் கம்போடியாவும் சிங்கப்பூரும் நேருக்கு நேரா ஆயிருச்சு. எடுத்தவன், ஜாடி இருந்த எடத்துக்கு ஒரு புட்டியை நகட்டி, ரெண்டையும் சேத்து வச்சு, நடுவுல ஒரு அட்டையைச் சொருவிட்டுப் போயிருக்கான். களவு செய்ய வந்த நேரத்துலயும் மத்த மீனு அடிச்சுக்கிட்டுச் சாகக்கூடாதுன்னு அவன் கை தன்னால வேலை செஞ்சிருக்கு. ஜெனிஸ்டனுக்கு அது கல்யாணக் காயிதம். அம்மையப்பன் வாழ்நாள்ல அட்டை வச்சதில்ல. வச்சுப் பழகுன கை இந்த ஊர்ல ஒண்ணுதான்.”

ஆவுடைநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார். “காலையில... பழக்கதோசத்துல நாந்தான் வச்சிருப்பேன்.”

“ஒரு துரும்பைத் தொடலன்னு நீங்கதான் சொன்னிய. சரி, காலையில வச்சதாவே இருக்கட்டும். ராத்திரி பூரா முட்டுனா வாலு நார்நாராத் தொங்கும்னும் நீங்கதான் சொன்னிய. ரெண்டு வாலும் முழுசா இருக்கு. அதனால ஜாடி போன கையோட அட்டை வந்திருக்கு. அந்தப் போட்டோவைக் காலண்டருன்னு சொன்னதும் நீங்கதான். மிச்சத்தை நானே சொல்லட்டுமா அண்ணாச்சி, நீங்க சொல்லுதியளா?”

அவர் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

“நாலு நாளைக்கு முந்தி” என்று ஆரம்பித்தார் ஆவுடைநாயகம். “படித்துறையில கால் நனைச்சிட்டு உக்காந்திருந்தேன். காலுக்குக் கீழ அதே மீனு. அதே வாலு, அதே நூலு. கூட்டமாத் திரியுது. கலெக்டர் ஆபீஸ்ல இருந்து கோயில் வரைக்கும் சயாமு சயாமுன்னு சொல்லி வச்சிருக்கேன். இவரும் ரயிலேறி வாராரு. பாளையங்கோட்டையே கைகொட்டிச் சிரிக்கும். கொல்ல மனசு வரல. விடியதுக்கு முந்தியே கொண்டு போயி விட்டுட்டேன்.”

“அந்தப் புழுக்காரன் வலை போட்டது எந்த வாய்க்கால், அம்மையப்பன்?”

அம்மையப்பன் தயங்கினார். “அண்ணாச்சியோட அப்பா வித்த வயலு இருக்குல்லா... அதுக்குப் பாயுத மடைதான்.”

ஆவுடைநாயகம் கண்ணை மூடிக்கொண்டார். தன் வீட்டு வயலில் தலைமுறை தலைமுறையாக ஓடிய மீனைக் காசு கொடுத்து வாங்கி, சீமைப் பெயர் சூட்டிக் கொலுவில் வைத்திருந்திருக்கிறார் மனிதர்.

“மகேஷ் சார், நெசமான சயாம் மீனு அந்த ஊர்ல எங்க கெடைக்கும்?” என்று கேட்டார் ஞானம்பாள்.

“நெல்லு வயல்ல. வரப்போர வாய்க்கால்ல. அங்க அது சாதாரண மீன்தான் மேடம்.”

“அவ்வளவுதான் அண்ணாச்சி. அங்கன அது வயக்காட்டு மீனு, இங்கன இது வயக்காட்டு மீனு. இதுல அவமானப்பட என்ன இருக்கு? ஆனா ஒரு பையனைக் காலையிலருந்து பெஞ்சில உக்கார வச்சியளே, அது அவமானம்.”

“நான் அவன் பேரைச் சொல்லவே இல்லையேம்மா.”

“அம்மையப்பன் சொன்னப்ப தலையை ஆட்டுனிய.”

புகார் கொடுத்தவர் தாமாகவே எழுந்து, மேசையில் இருந்த புகாரை எடுத்து, பொய் என்று குறுக்கே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பொய்ப் புகாருக்கு என்ன நடவடிக்கையோ அதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு லூர்து மேரி முன்னால் வந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார். தாசில்தாராக இருந்த காலத்தில் எத்தனையோ பேர் அவரைக் கும்பிட்டிருப்பார்கள், அவர் ஒருவரையும் கும்பிட்டதில்லை.

லூர்து மேரி அந்தக் கும்பிடைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு கேட்டாள்: “அய்யா, மீனு எந்த ஊருன்னு விசாரிக்க மெட்ராஸ்லருந்து ஆளு வரச் சொன்னிய. எம் மவன் ரெண்டு வருசமா ஒங்க மாடியில இருந்தான். அவன் எப்படிப்பட்டவன்னு ஆருகிட்டயாவது ஒரு வார்த்தை விசாரிச்சியளா?”

ஏட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“நானே துறைமுக ஆபீசுக்கு வந்து, இவன் யோக்கியன்னு எழுதிக் குடுத்துருதேன் தாயி” என்றார் ஆவுடைநாயகம்.

“வேண்டாம்யா. நீங்க அங்கன வந்து நின்னா, என்ன நடந்துச்சுன்னு கேப்பாவ. எம் மவன் ஒண்ணுமே செய்யலியே.”

அவள் மகனின் கையைப் பிடித்து எழுப்பினாள். மாடிக்குப் போய்ப் பெட்டியைக் கட்ட வேண்டும், அறையை இன்றைக்கே காலி செய்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள்.